பெங்களூரு புறநகர் ரயில்: 40 மாதக் கெடு முடிந்தது, ரயில் எங்கே? தாமதத்துக்குக் காரணம் என்ன? முழு விளக்கம்

பெங்களூருவில் வேலை பார்க்கிறீர்களா? அப்படியென்றால் 'சபர்பன் ரயில் வரப்போகுது' என்ற பேச்சை ஆபீஸ் கேன்டீனில் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். வீட்டு புரோக்கர் சொல்லியிருப்பார். அபார்ட்மெண்ட் விளம்பரத்தில் 'உத்தேச புறநகர் ரயில் நிலையத்துக்கு 5 நிமிடம்' என்று பார்த்திருப்பீர்கள். ஹெப்பால் பக்கம் போகும்போது தூண்கள் எழும்பி நிற்பதையும் கவனித்திருக்கலாம்.

2022 ஜூன் மாதம் பிரதமர் நரேந்திர மோடி இந்தத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியபோது சொல்லப்பட்ட இலக்கு 40 மாதம். கணக்குப் போட்டால் அது 2025 அக்டோபர். அந்த மாதம் வந்தது, போனது. நான்கு வழித்தடங்களில் ஒன்றில்கூட ரயில் ஓடவில்லை.

பணம் இல்லையா? தொழில்நுட்பம் தெரியாதா? அரசியலா? மக்கள் கோபத்தில் இந்த மூன்றும் அடிபடுகின்றன. ஆனால் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அது புரிந்தால், அடுத்த முறை யாராவது ஒரு புதிய தேதி சொல்லும்போது அதை நம்பலாமா வேண்டாமா என்று நீங்களே கணிக்க முடியும்.

ஒரே பார்வையில்

- நீளம்: சுமார் 148 கி.மீ., நான்கு வழித்தடங்கள்
- மத்திய அமைச்சரவை ஒப்புதல்: 2020 அக்டோபர்
- ஒப்புதலின்போது மதிப்பீடு: 15,767 கோடி ரூபாய்
- நிதி: மத்திய அரசு 20 சதவீதம், கர்நாடக அரசு 20 சதவீதம், மீதி 60 சதவீதம் கடன்
- செயல்படுத்தும் நிறுவனம்: கே-ரைடு. இதில் கர்நாடக அரசின் பங்கு 51 சதவீதம், ரயில்வே அமைச்சகத்தின் பங்கு 49 சதவீதம்

எந்தெந்த வழித்தடங்கள்?

நான்குக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள்.

சம்பிகே (செண்பகம்): கே.எஸ்.ஆர். பெங்களூரு நிலையத்திலிருந்து எலஹங்கா வழியாகத் தேவனஹள்ளி வரை, சுமார் 41 கி.மீ. விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் எதிர்பார்க்கும் பாதை இது.

மல்லிகே (மல்லிகை): பையப்பனஹள்ளியிலிருந்து ஹெப்பால், யஷ்வந்த்பூர் வழியாகச் சிக்கபாணாவரா வரை, சுமார் 25 கி.மீ. முதலில் வேலை தொடங்கியது இங்கேதான்.

பாரிஜாதா (பவளமல்லி): கெங்கேரியிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை, சுமார் 35 கி.மீ. நகரத்தை மேற்கிலிருந்து கிழக்காக வெட்டிப் போகும் பாதை.

கனகா (கனகாம்பரம்): ஹீலலிகேயிலிருந்து கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு, மாரத்தஹள்ளி பக்கமாக எலஹங்கா தாண்டி ராஜானுகுண்டே வரை, சுமார் 47 கி.மீ. ஐ.டி. ஊழியர்களுக்கும், ஓசூர் பக்கத்திலிருந்து வருகிற தமிழர்களுக்கும் அதிகம் பயன்படக்கூடியது இதுதான்.

மெட்ரோ இருக்கும்போது இது எதுக்கு?

நியாயமான கேள்வி. மெட்ரோவும் புறநகர் ரயிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மெட்ரோ நகருக்குள் குறுகிய தூரத்துக்கு. கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் கணக்கு. புறநகர் ரயில் நகரின் விளிம்பிலிருந்தும் அதைத் தாண்டிய ஊர்களிலிருந்தும் கூட்டத்தை மொத்தமாக உள்ளே கொண்டுவருவது. தாம்பரத்திலிருந்தோ ஆவடியிலிருந்தோ சென்னைக்குள் வந்து போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

செலவிலும் வித்தியாசம் உண்டு. புறநகர் ரயில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே, ரயில்வே நிலத்திலேயே போகிறது. மல்லிகே பாதையின் 25 கி.மீ.யில் உயர்பாதை சுமார் 8 கி.மீ. மட்டுமே, மீதியெல்லாம் தரைமட்டம். அதனால் மெட்ரோவைவிடக் குறைந்த செலவில் அதிக நீளம் போடலாம். காகிதத்தில் இது பெரிய சாதகம். இதே சாதகம்தான் பின்னால் தலைவலியாக மாறியது. அதைக் கீழே பார்ப்போம்.

மும்பையில் மின்சார புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது 1925-ல். சென்னையில் கடற்கரை–தாம்பரம் பாதையில் 1931-ல். நாட்டின் ஐ.டி. தலைநகருக்கு நூறு வருஷம் கழிந்தும் அப்படி ஒரு சேவை இல்லை.

இந்தக் கதை எப்போ தொடங்கியது?

1983: பெங்களூருவுக்குப் புறநகர் ரயில் வேண்டும் என்ற யோசனை ஆய்வறிக்கையாகவே முன்வைக்கப்பட்டது. ஐ.டி. வளர்ச்சிக்கு ரொம்ப முந்தைய காலம். பாதைக்கு இருபுறமும் காலி நிலம் இருந்த காலமும்கூட.

2011 அக்டோபர்: நம்ம மெட்ரோவின் முதல் பகுதி ஓடத் தொடங்கியது. பின்னால் வந்த யோசனை முந்திக்கொண்டது.

2016: குடிமக்கள் அமைப்புகள் 'சுக்கு புக்கு பேக்கு' என்ற கோஷத்தோடு தெருவுக்கு வந்தன. தமிழ்க் காதுக்கு அது வேறு மாதிரி கேட்கும். கன்னடத்தில் 'பேக்கு' என்றால் 'வேணும்'.

2018: மத்திய பட்ஜெட்டில் 160 கி.மீ., 17,000 கோடி ரூபாய் என்று அறிவிப்பு.

2020 பிப்ரவரி: அடுத்த அறிவிப்பு. நீளம் 148 கி.மீ. ஆனது, மதிப்பீடு 18,600 கோடி ரூபாய்.

2020 அக்டோபர்: அமைச்சரவை ஒப்புதல், 15,767 கோடி ரூபாய், 6 வருஷ அவகாசம்.

2022: அடிக்கல். மல்லிகே பாதையின் கட்டுமான ஒப்பந்தம் எல் அண்ட் டி நிறுவனத்துக்கு, சுமார் 860 கோடி ரூபாய்க்கு.

2023 டிசம்பர்: கனகா பாதையின் ஒப்பந்தமும் அதே நிறுவனத்துக்கு, சுமார் 1,040 கோடி ரூபாய்க்கு.

2025: நிலம் உரிய நேரத்தில் ஒப்படைக்கப்படவில்லை என்று காரணம் சொல்லி, இரண்டு ஒப்பந்தங்களிலிருந்தும் விலகுவதாக அந்த நிறுவனம் நோட்டீஸ் கொடுத்தது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. மீதி வேலைக்கு மறுபடி டெண்டர் விட வேண்டிய நிலைமை.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். 1983-க்கும் 2020-க்கும் நடுவே போன 37 வருஷம் 'செய்யலாமா, வேண்டாமா' என்ற தாமதம். 2020-க்குப் பிறகு நடப்பது 'முடிவெடுத்தாச்சு, ஆனாலும் நகரல' என்ற தாமதம். இரண்டும் வேறு வேறு. முதலாவதுக்கு அரசியல் அழுத்தம் மருந்து. இரண்டாவதுக்கு அது மட்டும் போதாது.

அப்போ ஏன் நகரல? ஐந்து காரணங்கள்

1. நிலம் கைக்கு வரும் முன்பே ஒப்பந்தம்

எல்லாவற்றிலும் பெரிய காரணம் இதுதான். 25 கி.மீ. பாதையில் 20 கி.மீ.க்கு நிலம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேப்பரில் 80 சதவீதம் ரெடி. ஆனால் மீதி 5 கி.மீ. நடுநடுவே துண்டு துண்டாகக் கிடந்தால், ஒப்பந்ததாரரால் எந்த இடத்திலும் தொடர்ச்சியாக வேலை பார்க்க முடியாது. கிரேன், கான்கிரீட் கலவை ஆலை, தூண் அச்சுகள், ஆட்கள் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நிலத்துக்காகக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அவர்களுக்கு நஷ்டம். ரயில் பாதை என்பது சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி இல்லையென்றால் மற்றவை சும்மாதான் கிடக்கும்.

நிலம் என்றால் தனியார் நிலம் மட்டுமல்ல. ரயில்வே நிலம், மாநகராட்சிச் சாலை, பாதுகாப்புத் துறை நிலம், மின்வாரியத்தின் உயரழுத்தக் கம்பி போகும் இடம், கழிவுநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒரு கோப்பு. மரம் வெட்ட வேண்டுமானால் மர அலுவலர் அனுமதி வேண்டும். பெங்களூருவில் அந்த விஷயம் பலமுறை உயர் நீதிமன்றம் வரை போகும். அது தவறும் அல்ல. மரங்களைக் காக்க நினைப்பவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அதற்கான காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் டெண்டர் விட்டிருக்க வேண்டும்.

2. நிலத்தின் சொந்தக்காரர் ஒருவர், திட்டத்தை நடத்துபவர் இன்னொருவர்

மேலே சாதகம் என்று சொன்ன விஷயம் இங்கே வருகிறது. பாதை பெரும்பாலும் ரயில்வே நிலத்தில் போகிறது. நிலத்தைப் பெயரளவுக் குத்தகைக்குத் தர ரயில்வே சம்மதித்தது. ஆனால் ஒவ்வொரு நிலையம், ஒவ்வொரு பாலம், ஓடிக்கொண்டிருக்கும் பாதையை ஒட்டிய ஒவ்வொரு தூண், எல்லாவற்றின் வரைபடத்துக்கும் தென்மேற்கு ரயில்வேயின் ஒப்புதல் வேண்டும். ஓடும் பாதைக்கு மேலே கர்டர் வைக்க வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு ரயில்களை நிறுத்தித் தர வேண்டும். ரயில்வே மொழியில் இதற்கு 'பிளாக்' என்று பெயர்.

தென்மேற்கு ரயில்வேயின் பக்கத்திலிருந்து பாருங்கள். அவர்களுக்கும் அதே நிலத்தில் சொந்தத் திட்டங்கள் இருக்கின்றன: கூடுதல் பாதைகள், நிலைய விரிவாக்கம். இன்றைக்கு ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டால் பத்து வருஷம் கழித்து நாலாவது பாதை போட இடம் இருக்குமா என்று யோசிப்பார்கள். யோசிப்பது அவர்கள் வேலை. ஆனால் அந்த யோசனை முடியும்வரை இந்தப் பக்கம் வேலை நிற்கும். விமான நிலையம் போகும் சம்பிகே பாதையும், கெங்கேரி–ஒயிட்ஃபீல்டு பாரிஜாதா பாதையும் பின்தங்கிப் போனதில் இந்த இழுபறிக்குப் பெரிய பங்கு உண்டு.

மெட்ரோவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதற்கும் நிலம் எடுப்பதில் தாமதம் வரத்தான் செய்கிறது. ஆனால் எடுத்த பிறகு அது மெட்ரோ நிறுவனத்தின் நிலம். தினமும் இன்னொருவரிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை.

3. பொறுப்பான ஆள் யார்?

கே-ரைடு இரண்டு அரசுகளின் கூட்டு நிறுவனம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நீண்ட காலத்துக்கு அதற்கு முழுநேர மேலாண் இயக்குநரே இல்லை. மாநில ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் வேறு பதவிகளோடு சேர்த்துக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார்கள். ரயில்வே தொழில்நுட்ப அனுபவம் உள்ளவரை நியமிக்க வேண்டும் என்று ரயில்வே தரப்பு கேட்டது. நிர்வாகம் எங்கள் கையில்தான் என்று மாநில அரசு நினைத்தது. 15,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு முழுநேரத் தலைமை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். டீம் லீட் இல்லாத புராஜெக்ட்டில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

4. ரயில் பெட்டிகள் விஷயத்தில் மாறிய முடிவு

பாதை போட்டால் மட்டும் போதாது, ஓட்டுவதற்குப் பெட்டி வேண்டும். பெட்டிகளைத் தனியாருடன் சேர்ந்து குத்தகை முறையில் பெறலாம் என்பது முதல் திட்டம். அது கைகூடவில்லை. பிறகு நேரடியாக வாங்கலாம் என்று முடிவு மாறியது. பொதுவாகப் பெட்டிகளுக்கு ஆர்டர் கொடுத்து, வடிவமைத்து, தயாரித்து, சோதித்து முடிக்க வருஷக்கணக்கில் ஆகும். மஞ்சள் வழித்தட மெட்ரோ நினைவிருக்கிறதா? பாதை தயாரான பிறகும் ரயில்கள் வந்து சேராமல் காத்திருந்து, கடைசியில் 2025 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். புறநகர் ரயிலிலும் அது நடக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

5. நடுவில் நகரமே மாறிவிட்டது

2020-ல் ஒப்புதல் கிடைத்தபோது ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோ இல்லை. 2023 அக்டோபரில் ஊதா வழித்தடம் முழுமையாகத் திறந்தபோது கெங்கேரி பக்கத்திலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு நேராகப் போக முடிந்தது. விமான நிலையத்துக்கும் மெட்ரோவின் நீல வழித்தடம் கட்டப்படுகிறது. அப்படியென்றால் பாரிஜாதாவும் சம்பிகேயும் அதே வடிவத்தில் வேண்டுமா என்ற கேள்வி எழுகிறது. கேள்வி சரிதான். ஆனால் தாமதம் கேள்வியை உண்டாக்குகிறது, கேள்வி மேலும் தாமதத்தை உண்டாக்குகிறது. முன்பே கட்டியிருந்தால் மெட்ரோவை வேறு பகுதிகளுக்குத் திருப்பியிருக்கலாம்.

இது அரசியல் சண்டையா?

ஓரளவுக்கு மட்டும். 2020-ல் ஒப்புதல் கிடைத்தபோதும் 2022-ல் அடிக்கல் நாட்டியபோதும் மத்தியிலும் மாநிலத்திலும் ஒரே கட்சி, பா.ஜ.க. 2023 மே மாதத்துக்குப் பிறகு மாநிலத்தில் காங்கிரஸ். இரண்டு காலத்திலும் வேலை மெதுவாகத்தான் நடந்தது. 'அவங்க நிலம் தரல', 'இவங்க டெண்டர் விடல' என்று இரு தரப்பும் மாறி மாறிச் சொல்ல இந்தக் கூட்டு அமைப்பு வசதியாக இருக்கிறது. யாரைக் கேட்பது என்று மக்களுக்குப் புரியாமல் போவதுதான் கோபத்தின் பாதிக் காரணம்.

மற்ற நகரங்களில் எப்படி?

மும்பையில் தானே–திவா இடையே 5-வது, 6-வது பாதைகளுக்கு 2008-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2015-ல் முடிய வேண்டியது. திறந்தது 2022 பிப்ரவரியில். 2019-ல் ஒப்புதல் பெற்ற 33,690 கோடி ரூபாய் மதிப்பிலான மும்பை நகர்ப்புறப் போக்குவரத்துத் திட்டம் 3-ஏ-வும் மெதுவாகவே நகர்ந்தது. அங்கே தாமதத்தின் விலை வெறும் நேரம் அல்ல. 2025 ஜூன் 9-ம் தேதி மும்ப்ரா அருகே, நெரிசலான ரயில்களின் படியில் தொங்கிச் சென்ற பயணிகள் கீழே விழுந்து உயிரிழந்தார்கள்.

ஹைதராபாத்தில் எம்.எம்.டி.எஸ். இரண்டாம் கட்டம் 2012-13-ல் அனுமதிக்கப்பட்டது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலம், ஒரு பங்கு ரயில்வே. மாநிலத்தின் பங்கு வரவில்லை என்று ரயில்வே சொல்லிக்கொண்டே இருந்தது. பகுதி பகுதியாகத் திறந்து, 2023 ஏப்ரலில்தான் அடுத்த பெரிய தொகுதி ரயில்கள் ஓடத் தொடங்கின.

சென்னையில், கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை வெறும் 4.3 கி.மீ. அதற்காக 2023 ஆகஸ்ட் கடைசியில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். மறுபடி ஓடியது 2024 அக்டோபர் கடைசியில், 14 மாதம் கழித்து.

மூன்று நகரம், மூன்று மாதிரி. ஆனால் பொதுவான நூல் ஒன்று உண்டு. ரயில்வே, மாநில அரசு, உள்ளாட்சி மூன்றும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், யார் தாமதித்தாலும் மொத்தமும் தாமதம். யார் தாமதித்தார் என்பது மட்டும் வெளியே தெரியாது.

இருக்கிற பாதையில் கூடுதல் ரயில் விட முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ரயில் பயணிகள் அமைப்புகள் பல வருஷமாகக் கேட்பதும் இதைத்தான். பெங்களூருவைச் சுற்றி மெமு ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. பிரச்சினை என்னவென்றால், அதே பாதையில்தான் எக்ஸ்பிரஸும் சரக்கு ரயிலும் போகின்றன. தொலைதூர ரயில் தாமதமாக வந்தால் அதற்கு வழிவிட்டு உள்ளூர் ரயில் வெளியே காத்திருக்கும். 9 மணி ஆபீஸுக்குப் போகிறவருக்கு, 'ஒரு நாள் 8.40-க்கு, ஒரு நாள் 9.25-க்கு' வரும் ரயிலால் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு பாடமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் பெங்களூரு விமான நிலையத்துக்கு அருகே ஒரு சிறிய ரயில் நிறுத்தம் திறந்தார்கள். டிக்கெட் விலை டாக்ஸிக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு நாளைக்கு ஒருசில ரயில்கள்தான், நேரமும் எல்லா விமானத்துக்கும் ஒத்துவராது. அதனால் கூட்டம் சேரவில்லை. ஸ்டேஷன் இருந்தால் மட்டும் போதாது, 'அடுத்த ரயில் எப்போ' என்று யோசிக்காமல் போய் நிற்கும் அளவுக்கு ரயில் வர வேண்டும். அதற்குத் தனிப் பாதை தேவை.

ஓசூர் வரை நீளுமா?

தமிழ் வாசகர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கனகா பாதை முடியும் ஹீலலிகேயைத் தாண்டினால் ஆனேக்கல் ரோடு, அதற்கப்புறம் ஓசூர். ஓசூர், மைசூரு, துமகூரு, கோலார் போன்ற ஊர்கள் வரை மொத்தம் 452 கி.மீ. நீட்டிக்கலாம் என்று கே-ரைடு ஒரு யோசனை கொடுத்தது. தென்மேற்கு ரயில்வே 2023-ல் அதை ஏற்கவில்லை. ஆகவே, புறநகர் ரயில் ஓசூர் வரும் என்று யாராவது சொல்லி மனை விற்றால், அதற்கு ஒப்புதல் உத்தரவு எங்கே என்று கேளுங்கள்.

நடைமுறையில் ஓசூர்க்காரர்களுக்கு உடனடியாக உதவக்கூடியது வேறு ஒன்று: பையப்பனஹள்ளி–ஓசூர் இடையே சுமார் 48 கி.மீ. இரட்டைப் பாதை. இதையும் கே-ரைடுதான் செய்கிறது. பகுதி பகுதியாக வேலை நடக்கிறது. இது முழுமையானால், எதிர் ரயிலுக்காக நடு ஸ்டேஷனில் நிற்பது குறையும், அதிக மெமு ரயில்கள் விடவும் இடம் கிடைக்கும். தலைப்புச் செய்தியில் வராத வேலை. ஆனால் உங்கள் பயணத்தை முதலில் மாற்றக்கூடியது அநேகமாக இதுதான்.

தாமதத்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

கட்டுமானச் செலவு வருஷத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். 15,767 கோடியில் 5 சதவீதம் கிட்டத்தட்ட 788 கோடி ரூபாய். முழு வேலையும் ஒரு வருஷம் தள்ளிப்போனால் அந்த அளவு பாரம். மல்லிகே பாதையின் முதல் ஒப்பந்தத் தொகை சுமார் 860 கோடிதான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 60 சதவீதம் கடன் என்பதையும் மறக்க வேண்டாம், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கி, ஐரோப்பிய முதலீட்டு வங்கி போன்றவை அதில் இருக்கின்றன. திருப்பிக் கட்டுவது வரிப்பணத்திலும் டிக்கெட் விலையிலும்தான்.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு 45 நிமிடம் மிச்சமாகும் என்றால், 250 வேலை நாளில் 187 மணி நேரத்துக்கு மேல். முழுசாக ஏழரை நாளுக்கும் அதிகம். ஒவ்வொரு வருஷமும் அத்தனை நேரம் சில்க் போர்டிலோ ஹெப்பாலிலோ கரைகிறது. ஆபீஸ் பக்கத்தில் வீடு எடுத்தால் வாடகை கையைக் கடிக்கிறது, தள்ளிப் போனால் நேரம் போகிறது. இதற்கு நடுவே ஒரு மூன்றாவது வழியைத் திறப்பதுதான் புறநகர் ரயிலின் வேலை.

அடுத்த தேதி அறிவிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

இப்போது பேசப்படும் ஆண்டுகள் 2030 வரை போகின்றன. தேதியைக் கேட்டு மகிழ்வதற்கும் திட்டுவதற்கும் முன், இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, அந்த வழித்தடத்தில் தடையில்லாமல் ஒப்படைக்கப்பட்ட நிலம் எத்தனை கி.மீ.? 'மொத்தத்தில் இத்தனை சதவீதம்' என்ற பதில் போதாது. தொடர்ச்சியாக எவ்வளவு என்பதுதான் முக்கியம்.

இரண்டு, ரயில்வேயிடம் நிலுவையில் இருக்கும் வரைபட ஒப்புதல்கள் எத்தனை, எவ்வளவு நாளாக?

மூன்று, பெட்டிகளுக்கு ஆர்டர் போய்விட்டதா, முதல் ரயில் எப்போது வரும்? ஆர்டரே போகாத நிலையில் ஒன்றிரண்டு வருஷத்தில் ஓடும் என்று சொன்னால் சந்தேகப்படுங்கள்.

நான்கு, நிறுத்தப்பட்ட வேலைகளுக்குப் புது ஒப்பந்ததாரர் வந்துவிட்டாரா, அவர் களத்தில் இறங்கிவிட்டாரா?

இதெல்லாம் முடிந்த பிறகும் சோதனை ஓட்டமும் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதியும் இருக்கின்றன. அதற்கும் சில மாதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்களே கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்வியைச் சின்னதாக, எண்ணில் பதில் வரும்படி கேளுங்கள். 'ஏன் தாமதம்?' என்று கேட்டால் ஒரு பத்தி வரும். 'எத்தனை கி.மீ. நிலம் எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது?' என்று கேட்டால் பதில் எண்ணாக வரும். அந்த எண்ணை ஆறு மாதம் கழித்து இன்னொரு எண்ணோடு ஒப்பிடலாம்.

வீடு வாங்கும் யோசனையில் இருக்கிறீர்களா?

புறநகர் ரயிலை மட்டும் நம்பி இப்போது முடிவெடுக்க வேண்டாம். இன்று ஓடும் மெட்ரோ, இன்று ஓடும் பஸ், இன்று ஓடும் மெமு, இவற்றை வைத்து உங்கள் பயண நேரம் தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கினால் வாங்குங்கள், ரயில் வந்தால் அது போனஸ். விளம்பரத்தில் ரயில் நிலையத்தைக் காட்டி விலையை ஏற்றியிருந்தால் அந்தப் பிரசுரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-வது பிரிவு, விளம்பரத்தில் தவறான தகவல் கொடுத்து அதனால் வாங்குபவருக்கு நஷ்டம் வந்தால் கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது. 'உத்தேச' என்ற சொல் சின்ன எழுத்தில் எங்கே இருக்கிறது என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சுருக்கமாக

திட்டம் கைவிடப்படவில்லை. தூண்கள் நிற்கின்றன, கடன் ஏற்பாடு இருக்கிறது, தேவை குறையவில்லை. நின்றுபோனது ஒப்படைப்புகள்: ஒரு துறையின் கையிலிருந்து இன்னொரு துறையின் கைக்கு நிலமும் வரைபடமும் அனுமதியும் போய்ச் சேர வேண்டிய இடங்கள். ஆகவே 'ரயில் எப்போ வரும்?' என்று மட்டும் கேட்டால் இன்னொரு தேதிதான் கிடைக்கும். 'இந்த மாதம் எந்தத் துறை எதை ஒப்படைத்தது?' என்று மாதாமாதம் கேட்டால், அந்தப் பதிலை ஒரே இடத்தில் வெளியிட வேண்டிய கட்டாயம் கே-ரைடுக்கும், தென்மேற்கு ரயில்வேக்கும், மாநில அரசுக்கும் வரும். முதல் ரயில் மல்லிகேயில் ஓடுமா, கனகாவில் ஓடுமா என்பது அந்தப் பட்டியலில் முதலில் தெரியும், மேடை அறிவிப்பு பிறகுதான் வரும்.